தண்ணீர் இல்லாத மாதத்துப் படம்

குற்றாலத்தில் கேமரா பிடித்தவர்களுக்கு முதல் எதிரி சாரல்தான். மெயின் அருவிக்கு எட்ட நின்றாலும் லென்ஸின் மேல் பொடிப்பொடியாக நீர் வந்து உட்காரும். துணியால் துடைத்தால் மெழுகியது போலப் பரவும். ஃபிளாஷ் அடித்தால் காற்றில் மிதக்கும் துளியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். வெளிச்சம் அளக்கும் மீட்டரோ அருவியின் வெண்மையைப் பார்த்து ஏமாந்துபோய், வெளிச்சம் தாராளமாக இருப்பதாகச் சொல்லும். அதை நம்பினால் அருவி அழகாக வரும். முன்னால் நிற்பவரின் முகம் கறுத்துப்போகும். மீட்டர் சொல்வதைவிட ஒன்று ஒன்றரை ‘ஸ்டாப்’ கூட்டி வைக்க வேண்டும் என்று கை தானாகப் பழகுவதற்கு ஒரு சீசன் போதாது.

இந்தத் தொல்லைகள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மாறியிருப்பது படம் எடுப்பவரின் பயம். அன்று தென்காசியில் கடை வைத்திருந்த ஃபோட்டோகிராபரைத் தூங்கவிடாத கேள்வி, ‘படம் விழுந்திருக்குமா?’ என்பது. இன்று அதே ஊரில் தவணையில் கேமரா வாங்கிய இளைஞரை அரிக்கும் கேள்வி, ‘இதில் என்னுடையது என்று என்ன இருக்கிறது?’ என்பது. முதல் கேள்விக்கு மறுநாள் காலையில் இருட்டறை பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் அறை எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ரோல் மாட்டிய காலம்

ஸ்டூடியோ என்றால் மூன்று அறை. முன்னறையில் மேசை, மாதிரிப் படங்கள், முகம் பார்க்க ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. நடு அறையில் விளக்குகளும் ஸ்டூலும் வரைந்த திரையும். பின்னால் இருட்டறை. அசல் அருவி ஐந்து கிலோமீட்டரில் கொட்டிக்கொண்டிருக்க, திரையிலும் ஓர் அருவி இருக்கும். திரை அருவியில் சாரல் அடிக்காது, வெளிச்சம் மாறாது, பட்டுச்சேலை நனையாது. தொழில் பார்ப்பவருக்கு அந்த அருவிதான் தோது.

120 ரோலில் சதுரமாக எடுத்தால் 12 படம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் ரோலில் 36. கறுப்பு வெள்ளைக்கு ஊட்டிச் சரக்கும் உண்டு. ஒன்றிய அரசு 1960-ல் அங்கே நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் செய்து அனுப்பியது. ஃபிலிமுக்குக் காசு, கழுவும் மருந்துக்குக் காசு, பிரிண்டுக்குக் காசு. ஷட்டரை ஒருமுறை அழுத்துவதே செலவுக் கணக்கில் ஒரு வரி. அதனால் அழுத்துவதற்கு முன்பு நிறையப் பார்த்தார்கள். அதைக் கலைப் பயிற்சி என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, சிக்கனம் என்றுதான் நினைத்தார்கள்.

கல்யாண வீடுகளில் பயம் உச்சத்துக்குப் போகும். தாலி கட்டுகிற நேரத்தில் மாமா ஒருவர் அட்சதையோடு குறுக்கே கையை நீட்டுவார். “அண்ணாச்சி, தாலி கட்டுனது விழுந்துட்டுல்லா?” என்று பெண்ணின் தகப்பனார் கேட்பார். “அதெல்லாம் விழுந்துருக்கும், கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கவலைப்பட ஆரம்பிப்பார். ஃபிலிமைக் கும்மிருட்டில் கழுவி, கம்பியில் தொங்கவிட்டு, ஈரம் காயும் முன்பே விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது. திரும்ப எடுக்க முடியாத நேரத்தை எடுப்பவரின் சந்தேகம் அது. அந்தச் சந்தேகம் கருவி, மருந்து, வெளிச்சம் இவற்றின் மேல்தான். தன் பார்வை சரிதானா என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. அப்படிக் கேட்கச் சொன்னவரும் இல்லை.

வாடிக்கையாளரின் அளவுகோல் தெளிவானது. முகம் தெரிய வேண்டும், நகை தெரிய வேண்டும், “கொஞ்சம் வெளுப்பா” இருக்க வேண்டும். நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக ‘டச்’ செய்து அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் மறைத்தார்கள். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் இந்தப் பென்சிலுக்கு வேலை அதிகம். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்கப் போனவர்களுக்குத் தபாலில் போன படங்கள் இன்னொரு வகை. சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் 1941-லேயே தங்களுக்கென்று ஒரு முஸ்லிம் லீக் சங்கம் வைக்கும் அளவுக்கு அங்கே இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தகப்பனுக்குப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று காட்ட வேண்டிய படத்தில் ஸ்டூடியோக்காரர் தன் பாணியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பையனை ஸ்டூலுக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தினால்தான் உயரம் தெரியும்.

ஆனாலும் பாணி இருந்தது. பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பழகியவர்கள் பின்பக்க முத்திரையைப் பார்க்காமலே கடையைச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் வெளிச்சத்தை ஒரே பக்கமிருந்து விடுவார். இன்னொருவர் கைகளை மடியில் சேர்த்து வைக்கச் சொல்வார். வேறொருவர் படத்தில் குழந்தைகள் மட்டும் சிரிக்கும். தேடாமலே அமைந்த பார்வை அது. ஒரே அறை, அதே இரண்டு விளக்கு, அதே ஸ்டூல் என்று பல வருஷம் புழங்கியவரின் விருப்பு வெறுப்புகள் படத்தில் படிந்துவிட்டன.

இது வெறும் ஊர்ப்பாசம் இல்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி எடுத்து எண்ம வடிவில் சேமித்தது. மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற ஆலை ஊரில் சுஹாக் ஸ்டூடியோ நடத்திய சுரேஷ் பஞ்சாபியின் படங்களை வைத்து மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி எழுதிய நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2013-ல் வெளியிட்டது. தென்காசியைப் போன்ற ஒரு சின்ன ஊரில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்தவர், ஒரு காலத்தின் ஆசைகளையே பதிவு செய்தவராக அந்த நூலில் தெரிகிறார்.

சீசன்காரர்கள்

ஸ்டூடியோவுக்கு வெளியே இன்னொரு வகையினர் இருந்தார்கள். ஜூன் மாதம் மேற்கே ஆரியங்காவு இடைவெளி வழியாகக் காற்று ஈரத்தோடு வர ஆரம்பித்ததும் கழுத்தில் கேமராவும் கையில் மாதிரி ஆல்பமுமாக அருவிக்கரைக்கு வருவார்கள். எண்ணெய் தேய்த்து விடுபவர், துண்டு விற்பவர், நேந்திரம் சிப்ஸ் பொரிப்பவர் என்ற வரிசையில் அவர்களும் சீசன் தொழிலாளர்கள். விருதுநகரிலிருந்து வந்த குடும்பமும் கொல்லத்திலிருந்து வந்த குடும்பமும் அதே இடத்தில், அதே கோணத்தில், பின்னால் அருவி தெரிய நிற்கும். வேறு மாதிரி எடுத்தால் வாங்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் எடுத்துக்கொண்டதைப் போலவே தங்களுக்கும் வேண்டும் என்பதுதான் கேட்பு.

இப்படித்தான் குற்றாலத்துக்கு ஒரு நிலையான படம் உருவானது. இதற்கும் முன்னோடி உண்டு. 1790-களில் தெற்கே வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இதே மலைத்தொடரில் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். வெளியூர்க்காரரின் கண்ணுக்கு அருவிதான் சேதி. அருகே இருக்கும் ஊரும் ஊராரும் அதற்கு அளவுகாட்டிகள்.

சினிமா தந்த கோணம்

தென்காசி வட்டாரத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்க வைத்தது சினிமா. 1992-ல் வந்த ‘ரோஜா’வின் நாயகிக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம். 2005-ல் ‘அந்நியன்’ படத்துக்காக அதே ஊர்ப் பக்கத்துப் பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். படம் ஓடி முடிந்த பிறகும் அந்த இடம் ‘அந்நியன் பாறை’யாகவே நின்றுவிட்டது. ஆடியை ஒட்டி அந்தப் பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சில வயல்களில் உள்ளே போகக் காசு உண்டு. எண்ணெய்க்காகப் போட்ட பயிர் படத்துக்காகவும் கொஞ்சம் விளைகிறது.

இதில் சம்சாரிக்கு நட்டமில்லை என்றால் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. சிக்கல் உள்ளூர் ஃபோட்டோகிராபருக்குத்தான். அவர் பிறந்து வளர்ந்த நிலத்தை அவருக்கு முன்பே ஒரு பெரிய கண் பார்த்து, வண்ணம் தீட்டி, அழகு எது என்று முடிவு செய்துவிட்டது. அவர் கேமராவைத் தூக்கும்போது அந்தச் சட்டகம்தான் முதலில் கைக்கு வரும். தன் ஊரையே சுற்றுலாப் பயணியின் கண்ணால் எடுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவே சில வருஷம் ஆகிறது.

ஒரே படம், ஊரெல்லாம்

கேமரா எண்மமானதும் பழைய பயம் போயிற்று. எடுத்த நொடியில் பின்னால் திரையில் தெரிகிறது. தாலி கட்டுவதை விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கலாம். மாமாவின் கை ஒன்பதை மறைத்தால் பத்தாவது இருக்கிறது. ஃபிலிம் உலகின் பெரிய பெயரான கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது தென்காசி வீதிகளில் இருட்டறைகள் ஏற்கெனவே ஜெராக்ஸ் அறைகளாகவும் ஆல்பம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர் அறைகளாகவும் மாறியிருந்தன.

பழைய பயம் இருந்த இடம் காலியாக இருக்கவில்லை. இன்று குற்றாலத்தில் அருவி எடுக்கும் இளைஞருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ட்ரைபாடில் கேமராவை வைத்து, என்.டி. ஃபில்டர் போட்டு, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்து வைத்தால் தண்ணீர் பட்டு நூல் போல வழியும் என்பது தெரியும். அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தெரியும். ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் எதுவானாலும் அந்தப் பட்டு நூல்தான். பச்சையைக் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளி, நிழலைச் சற்று வெளுக்கவிடும் அதே ‘ப்ரீசெட்’. போன் திரைக்குப் பொருந்த நெட்டுவாக்கில் அதே வெட்டு. இரவு ஒன்பது மணிக்கு இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு விரலால் கீழே தள்ளினால், தன் படத்தின் உடன்பிறப்புகள் நூறு வரிசையாக வருகின்றன. அவற்றில் பாதி தன் படத்தைவிட நன்றாக இருக்கின்றன.

சந்தேகம் அங்கே பிடிக்கிறது. ‘எனக்குத் திறமை இல்லையோ’ என்று ஆரம்பித்து, ‘நல்ல லென்ஸ் இல்லை’ என்று சமாதானம் சொல்லி, ‘நான் எடுக்காவிட்டால்தான் என்ன’ என்பதில் போய் நிற்கிறது. உண்மையில் இதில் திறமைக் குறைவு ஒன்றுமில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கருவியால், ஒரே ரசனையை நோக்கி எடுத்தால் படங்கள் ஒன்று போலத்தான் இருக்கும். யாருக்குப் பிடிக்க வேண்டும் என்பதை முன்பு பெண்ணின் தகப்பனார் முடிவு செய்தார். இப்போது முகம் தெரியாத ஒரு கணக்கு முடிவு செய்கிறது. தகப்பனாரிடமாவது, “அந்தச் சிரிப்பைப் பாருங்க, அதுக்காகத்தான் எடுத்தேன்” என்று வாதாட முடிந்தது.

பிழைப்பும் இதே திசையில்தான் தள்ளுகிறது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையும் பெண்ணும் ‘அவுட்டோர்’ வருகிறார்கள். கையில் போனைக் கொண்டு வந்து, “இதே மாதிரி வேணும் அண்ணா” என்று வேறொருவர் எடுத்ததைக் காட்டுகிறார்கள். பழைய சீசன்காரரிடம் பக்கத்து வீட்டு ஆல்பத்தைக் காட்டியதன் இன்றைய வடிவம் இது. ஆனால் அன்றைய சீசன்காரர் இதனால் நொந்துகொள்ளவில்லை. அவர் தன்னைக் கலைஞர் என்று நினைத்திருக்கவில்லை. இன்றைய இளைஞரோ கலைஞராக வேண்டும் என்றுதான் கேமரா வாங்கினார். ஒரே வேலை, அன்று சோறு போட்டது. இன்று சோறும் போடுகிறது, மனத்தையும் உறுத்துகிறது. பென்சில் டச்சும் போகவில்லை. முகத்தை வெளுக்க வைப்பது இப்போது ஒரு சொடுக்கில் முடிகிறது. மாநிறத்தை மாநிறமாகக் கொடுத்தால் பணம் தர யோசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு அருவிக்கரையில் காசு கொடுத்தவர்தான் படத்தில் இருந்தார். இப்போது குளித்துக்கொண்டிருக்கும் யாரும் யாருடைய ரீல்ஸிலும் வந்துவிடலாம். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பது சட்டத்துக்கு முன்பே மரியாதை. எதை எடுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதும் ஒரு ஃபோட்டோகிராபரின் பார்வையில் சேர்த்திதான்.

இரண்டு பேர்

தன் பார்வை என்பது எப்படி அமைகிறது? நம் பக்கத்திலிருந்தே இரண்டு பேரைச் சொல்லலாம்.

ஒருவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர்களைப் படம் எடுத்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், தானே படமும் வரைந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996-ல் அவர் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. ஊரெல்லாம் வண்ணத்துக்கு மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. கடையில் விற்கும் கேமராவும் அவருக்கு ஒத்துவரவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கோத்துக்கொண்டு, அதற்குக் கிண்டலாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அந்தக் கனத்தைச் சுமந்து போய், யானை எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது என்பது தெரியும்படி எடுத்தார். பளபளப்பு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு விலங்கின் இயல்பை அறிந்தவர் எடுத்த படம் என்று அவருடைய படங்கள் சொல்லும். வேண்டாம் என்று அவர் ஒதுக்கியவையே அவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

இன்னொருவர் நம் காலத்தவர். மதுரைப் பக்கத்து ம. பழனிக்குமார். மலக்குழிகளிலும் சாக்கடைகளிலும் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான ‘பாரி’யின் ஃபோட்டோகிராபர். தயானிதா சிங் பெயரில் பாரி வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் பெற்றவர். மீன் விற்று வீட்டைக் காத்த தன் தாயைப் படமெடுத்து, அந்த உழைப்பைப் பற்றி எழுதியும் இருக்கிறார். எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் தெருவை அவர்களையே எடுக்கச் சொல்கிறார். அவர் படம் வேறு யாருடையது போலவும் இல்லை என்றால், புதிய கோணம் தேடி அலைந்தது அதற்குக் காரணமில்லை. தனக்குத் தெரிந்த மனிதர்களிடமே திரும்பத் திரும்பப் போனார்.

கிருஷ்ணனுக்குக் காடு, பழனிக்குமாருக்கு உழைப்பாளிகள். இருவரும் தங்களுக்கென்று ஒரு எல்லை வரைந்துகொண்டு, அதற்குள் பல வருஷம் புழங்கினார்கள். பழைய ஸ்டூடியோக்காரருக்கு அந்த எல்லையை வறுமையும் நான்கு சுவரும் வகுத்துக் கொடுத்தன. இன்று கருவி எதையும் மறுப்பதில்லை, மெமரி கார்டு நிறைவதில்லை. எல்லையை ஆளே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அருவி வற்றிய பிறகு

தென்காசிக்காரருக்கு அந்த எல்லை ரொம்ப தூரத்தில் இல்லை. சுற்றுலா வருகிறவருக்குக் குற்றாலம் என்பது சாரல் அடிக்கும் இரண்டு மூன்று மாதம். ஐயப்பன் சீசனில் இன்னும் சில வாரம். மீதி நாட்கள் உள்ளூர்க்காரருடையவை. மாசி பங்குனியில் மெயின் அருவி நூலாக இளைத்து, பிறகு அதுவும் நின்று, பாறை வெளியே வரும். சீசனில் நுரை மூடியிருந்த இடங்களில் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும். கடைகள் தார்ப்பாய் கட்டி மூடிக் கிடக்கும். எண்ணெய் தேய்த்துவிட்டவர் வேறு கூலிக்குப் போயிருப்பார். கூட்டத்தில் தட்டிப் பறித்த குரங்குகள் அப்போது யாரை நம்பிப் பிழைக்கின்றன என்பது உள்ளூர்க் கண்ணுக்குத்தான் படும்.

அருவியிலிருந்து கிழக்கே இறங்கினால் பாவூர்சத்திரத்துச் சந்தை. ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செய்திகளோடு வந்தவை பெரும்பாலும் கோபுரமும் அருவியும்தான். பீடி சுற்றும் கைகளைக் காணோம். அந்தக் கைகளை எடுக்க எந்தச் சாரலும் தடையில்லை. வேண்டியது அந்தத் திண்ணையில் உட்காரும் உரிமை. அது உள்ளூர்க்காரருக்கு உறவுமுறையாலேயே கிடைக்கிறது. “வா தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போ” என்று சொல்லும் சித்தி வீட்டில், கேமராவைப் பார்த்து யாரும் விறைப்பதில்லை.

சாதாரணமாக எடுத்து வைத்தது பின்னால் எப்படிப் பேசும் என்பதற்குத் தென்காசிக் கோபுரமே உதாரணம். பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து, ‘மொட்டைக் கோபுரம்’ என்றே பெயர் வாங்கி நின்றது. புதிதாக எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த மொட்டைக் கோபுரம் படத்தில்தான் உண்டு. கல்யாண ஊர்வலத்தின் பின்னணியில், பள்ளிக் குழுப்படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்த கோபுரம் அது. எடுத்தவர் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். பாரதி 1918 கடைசியிலிருந்து இரண்டு வருஷம் போல வாழ்ந்த கடையமும் இதே மாவட்டம். அவருடைய படங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருப்பதை அறிவோம். கிடைத்தவற்றைத் தேடிச் சேர்த்து ரா. அ. பத்மநாபன் 1957-ல் ‘சித்திர பாரதி’ கொண்டு வந்தார். படம் குறைவாக இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் பொக்கிஷம். இன்று ஒரு மாலைப் பொழுதில் மெயின் அருவியை எடுக்கும் படங்களை எண்ணி மாளாது. அவற்றில் பங்குனி மாதத்துப் படம் ஒன்று கிடைப்பது அரிது.

யார் பார்த்துச் சொல்வது?

எல்லை வகுத்துக்கொண்டு எடுத்தால் மட்டும் சந்தேகம் தீராது. எடுத்ததை யாராவது பொறுமையாகப் பார்த்து, இதில் உன் கை தெரிகிறது, இது கடன் வாங்கியது என்று சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் இந்த மண்ணுக்கு ஒரு மரபு உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி, ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு அதன் இடுக்கெல்லாம் நுழைந்து பேசினார். பிற்காலத்தில் குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். பின்னாளில் கவிஞர் கலாப்ரியா இதே குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்தினார். இளம் கவிஞர்கள் தங்கள் கவிதையை முன்னால் வைத்து, பாராட்டும் வாங்கினார்கள், ஏச்சும் வாங்கினார்கள்.

குற்றாலத்துக்குப் படமும் புதிதில்லை. ஆடல்வல்லானின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்குரியது சித்திரசபை. மற்ற சபைகளில் திருமேனியாக ஆடுபவர் இங்கே சுவரில் வரைந்த ஓவியமாக ஆடுகிறார். ஓவியத்தையே மூலவராக வணங்கும் ஊரில், ஒரு படத்தை நின்று பார்க்கும் வழக்கத்தைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பழகிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும். விருப்பக் குறி போடுகிறவர் ஒரு நொடி பார்க்கிறார். வட்டத்தொட்டியில் உட்காருகிறவர் ஒரு மணி நேரம் பார்ப்பார். ‘இதில் என்னுடையது என்ன’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அறை அதுதான். அன்று ஸ்டூடியோக்காரருக்கு இருட்டறை செய்த வேலையை, இன்று நாலு ரசிகர்கள் உட்காரும் திண்ணை செய்ய முடியும்.

அப்படி ஒரு வட்டம் கூடினால், முதல் வேலை பழைய நெகட்டிவ்களைப் பார்ப்பதாக இருக்கட்டும். மூடிய ஸ்டூடியோக்களின் பரணில் கிடப்பவை தென்காசி ஈரத்தில் பூசணம் பிடிக்கின்றன. அசிடேட் ஃபிலிம் கெடும்போது வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருப்பதால் எடை போட்டு வாங்கிப் போகவும் ஆள் உண்டு. தனக்கு முன்னால் இதே தெருவில் யார், எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்தவருக்கு, தான் எங்கே வேறுபடுகிறோம் என்பதும் தெரியும். இன்ஸ்டாகிராமில் ஐஸ்லாந்து அருவியோடு தன்னை ஒப்பிட்டு நொந்துபோகிறவர், தன் ஊர் அண்ணாச்சியின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

இரண்டாவதாக, சுற்றுலாத் துறை நடத்தும் சாரல் விழாவில் ஒரே ஒரு அறை கேட்கலாம். அங்கே மலர்க் கண்காட்சி இருக்கிறது, கொழுகொழு குழந்தைகள் போட்டி இருக்கிறது, பாட்டுக் கச்சேரி இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில் தென்காசி மாவட்டத்துக்காரர்கள் எடுத்த படங்களுக்கு ஓர் அறை. அனுமதி இலவசம், பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம். எடுத்தவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்க வருகிறவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் எடுத்த படமாக இருக்க வேண்டும். பட்டு நூலும் பச்சை மலையும் கைவிட்டுப் போன பிறகு சுவரில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே உள்ளே வரும் விருதுநகர்க்காரருக்கும் கொல்லத்துக்காரருக்கும், தாங்கள் ஊர் திரும்பிய பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.